உடன்வந்த நாயும் ஏற்றிச் சென்ற நாயும்

ஒரு நாட்டின் வரலாற்றை அதன் அரசர்களைக் கொண்டு எழுதுவது பழைய வழக்கம். அதன் விளைபொருள்களையும் தொழிலாளரையும் கொண்டு எழுதுவது பின்னர் வந்த வழக்கம். அந்நாட்டு மக்கள் தம் நாய்களை வெளியே எவ்வாறு அழைத்துச் சென்றனர் என்பதைக் கொண்டும் வரலாற்றின் ஒரு பக்கத்தை எழுதலாம். இது விளையாட்டுப் பேச்சன்று. பாதை யாருக்கு உரியது, யார் எந்நேரத்தில் நடக்கலாம், எந்த வீட்டில் யார் குடியிருக்கலாம் என்னும் பெரிய வினாக்களின் விடையை நாயின் நடையிலும் காணலாம். மலேசியாவின் பேராக் மாநிலம் இதற்கு நல்ல சான்று.

நாயின் வெளிநடையைக் குறிக்கத் தமிழில் மூவகையான வினைகள் உள்ளன. நாய் 'உடன் வந்தது' என்கிறோம். நாயைப் 'பிடித்துச் சென்றான்' என்கிறோம். நாயை 'ஏற்றிச் சென்றான்' என்கிறோம். முதல் தொடரில் நாயே எழுவாய். அது தன் விருப்பால் வருகிறது. மற்ற இரண்டிலும் நாய் செயப்படுபொருள். முன்னதில் கயிறு இருக்கிறது, பின்னதில் வண்டி இருக்கிறது. பேராக்கின் நாய்கள் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டில் முதல் தொடரிலிருந்து மூன்றாம் தொடருக்கு வந்து சேர்ந்தன. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

நூல்களிலும் கல்லிலும் நாய்

தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைப் பெயர் குருளை என்று வகுக்கிறது. வீட்டு விலங்கான நாயும் காட்டு விலங்கான புலியும் ஒரே வரிசையில் நிற்பதைக் காண்க. ஞமலி, ஞாளி என்னும் பெயர்களால் சங்க நூல்கள் நாயைச் சுட்டும். குறிஞ்சியிலும் முல்லையிலும் வேட்டுவரோடு காடு புகும் துணையாகவே அது பெரிதும் தோன்றுகிறது.

திருவண்ணாமலைப் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. கால்நடைகளைக் காக்கும் பூசலில் உயிர் துறந்த வீரனின் உருவத்துக்கு அருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரை எதிர்த்த அந்நாயின் செயலையும் கல்வெட்டு பதிவு செய்கிறது. வீரனோடு உடன் சென்ற நாய் கல்லிலும் உடன் நிற்கிறது.

நாயை வண்டியில் ஏற்றலாமா என்ற வழக்கும் பழையதே. மகாபாரதத்தின் இறுதிப் பகுதியில் தருமனை விண்ணுலகுக்கு அழைத்துச் செல்ல இந்திரன் தேருடன் வருகிறான். தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டு அத்தேரில் ஏறத் தருமன் மறுக்கிறான். வில்லிபுத்தூரார் பாரதம் பதினெட்டாம் நாட் போருடன் முடிந்து விடுதலால் இக்காட்சி அந்நூலில் இல்லை. எனினும் தமிழ்நாட்டில் கதையாக இது எல்லாரும் அறிந்தது. ஊர்தியில் நாய்க்கு இடமில்லை என்ற விதியும், அதை ஏற்காத மனிதனும் இக்கதையில் நேருக்கு நேர் நிற்கின்றனர். வைரவருக்கோ நாயே ஊர்தி; அங்கே ஏற்றிச் செல்லும் கடமையை நாய் மேற்கொள்கிறது.

ஏணி ஏறும் நாய்

பேராக்கில் தமிழர் குடியேறுவதற்கு நெடுங்காலம் முன்பே அக்காடுகளில் வாழ்ந்தவர் ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடியினர். ஈப்போ நகரின் பெயரே அவர்களுடைய வேட்டையோடு தொடர்புடையது. ஈப்போ என்பது ஒரு மரம். அதன் நச்சுப் பாலை ஊதுகுழாயிற் செலுத்தும் சிற்றம்புகளின் முனையில் தடவி அவர்கள் வேட்டையாடினர். அவ்வேட்டையில் நாயும் உடன் சென்றது.

பேராக்கின் எல்லையை அடுத்த மலைநாட்டில், பகாங் மாநிலத்தில், தெலோம் என்னும் ஆறு ஓடுகிறது. அதன் பெயரால் வழங்கும் தெலோமியன் என்னும் நாயினம் பூர்வகுடியினர் வளர்த்தது. 1963-ஆம் ஆண்டில் மானிடவியல் அறிஞர் ஆர்வில் எலியட் இவ்வினத்தில் ஓர் இணையை அமெரிக்காவுக்கு ஆய்வுக்காகக் கொண்டு சென்றார். பூர்வகுடியினர் வீடுகள் கால்கள் மேல் உயர்த்திக் கட்டப்பட்டவை. அவ்வீடுகளில் வாழ்ந்த இந்நாய் ஏணி ஏறப் பழகியது. வீட்டை விட்டு வெளியே செல்ல நாய்க்கு இன்னொருவர் கைகொடுக்க வேண்டாத நிலை இது. மனிதன் ஏறும் ஏணியே நாய்க்கும் வழியாயிற்று. உடன்வருதல் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

வெட்டுக்காட்டு வழியில்

1877-ஆம் ஆண்டில் இரப்பர்க் கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. பேராக்கின் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றை அங்கு நட்டு வளர்த்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டித் தொழில் பெருகவே இரப்பரின் தேவையும் பெருகியது. பேராக்கின் காடுகள் தோட்டங்களாயின. தமிழ்நாட்டிலிருந்து கங்காணி முறையில் வந்த மக்கள் லயன்களில் குடியேறினர்.

விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, உளியும் காண்டா வாளியுமாய் வெட்டுக்காட்டுக்குச் செல்வது பால்வெட்டுத் தொழிலாளியின் அன்றாட வாழ்க்கை. குளிர்ந்த வேளையில் வெட்டினால்தான் பால் நெடுநேரம் வடியும் என்பதால் இருளிலேயே நடக்க வேண்டியிருந்தது. அவ்விருளில் பாம்பும் காட்டுப்பன்றியும் உண்டு. லயனில் வளர்ந்த நாய் முன்னும் பின்னுமாக ஓடி வருவது துணையாக இருந்தது. கழுத்தில் கயிறில்லை, சில நாய்களுக்குப் பெயரும் இல்லை. ஒரு குடும்பத்து நாய் என்பதைவிட ஒரு லயனின் நாய் என்பதே பொருந்தும். சோறிட்டவர் பலர்; அது தொடர்ந்து சென்றவர் ஒருவரோ இருவரோ. ஓய்வு நாளில் காட்டுப்பன்றி வேட்டைக்குச் செல்லும் இளைஞரோடும் அது சென்றது.

லயன் மக்கள் உடன் கொண்டுவந்த தெய்வங்களிலும் இந்நடை தெரிகிறது. முனியாண்டி, மதுரை வீரன், கருப்பர் ஆகிய காவல் தெய்வங்களுக்குத் தோட்டங்களில் கோயில்கள் எழுந்தன. தமிழ்நாட்டு ஊர் எல்லையில் ஐயனாரின் மண்குதிரைகளுக்கு அருகே மண்நாய்களையும் காணலாம். காவல் தெய்வம் இரவில் எல்லை சுற்றும்போது நாயும் சுற்றுகிறது என்பது மக்கள் நம்பிக்கை. ஆகவே தோட்டத் தமிழனுக்கு நாயோடு நடப்பது பொழுதுபோக்காக இல்லை. காவலாகவும் தொழிலாகவும் இருந்தது.

துரை வீட்டுக் கயிறு

அதே தோட்டத்தின் மேட்டு நிலத்தில் துரையின் பங்களா இருந்தது. அங்கும் நாய்கள் இருந்தன. அவற்றின் நடை வேறு. ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த வட இந்தியாவில் நாய்களைப் பேணுவதற்கென்றே ஒரு பணியாளன் இருந்தான். அவனை 'டோரியா' என்று அழைத்தனர். இந்தியில் டோர் என்றால் கயிறு. கயிற்றைப் பிடிப்பவன் என்பதே அவன் பெயரின் பொருள். நாயின் சொந்தக்காரன் ஒருவன், அதனோடு நடப்பவன் இன்னொருவன் என்ற பிரிவினை அப்பெயரிலேயே அமைந்திருக்கிறது.

நாயை ஏற்றிச் செல்வதற்கென்று ஓர் ஊர்தியையும் ஆங்கிலேயர் வகுத்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய அந்த இருசக்கரக் குதிரை வண்டிக்கு 'டாக் கார்ட்' என்று பெயர். நாய் வண்டி என்பது பொருள். இருக்கையின் கீழே காற்றுப் புகும்படி அமைந்த பெட்டியில் வேட்டை நாய்களை அடைத்துச் செல்வர். பிற்காலத்தில் பெட்டியில் நாய் இல்லாதபோதும் வண்டியின் பெயர் மாறவில்லை. கீழை நாடுகளில் இருந்த ஆங்கிலேயரும் இவ்வண்டியைப் பயன்படுத்தினர்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். தமிழ் மக்கள் வழக்கில் நாய் வண்டி என்றால் தெருநாய்களைப் பிடித்துச் செல்லும் நகராட்சி வண்டி. ஆங்கிலச் சொல்லில் அது வேட்டைக்குப் போகும் சிறப்பு. தமிழ்ச் சொல்லில் அது திரும்பி வராத பயணம். ஒரே பெயர் ஏறியிருந்த நாயைப் பொறுத்து இரு பொருள் தந்தது.

முள்வேலிக் காலம்

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரக் குடியிருப்புகள் புதுக்கிராமங்களாகத் திரட்டப்பட்டன. தோட்டத் தொழிலாளரின் லயன்கள் பலவும் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டு முள்வேலிக்குள் வந்தன. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நடைமுறைக்கு வந்தன. அடையாள அட்டை இன்றி நடமாடுதல் இயலாதாயிற்று.

இந்தக் காலத்தில்தான் கயிறு கட்டிய நாய் காட்டுக்குள் சென்றது. காவற்படையினரும் போர்ப்படையினரும் பழக்கிய மோப்ப நாய்களைக் கொண்டு காட்டுப் போராளிகளின் தடம் தேடினர். பிரிட்டிஷ் வான்படையின் காவற்பிரிவைச் சேர்ந்த லக்கி என்னும் நாய் 1949 முதல் 1952 வரை மலாயாவில் பணியாற்றியது. அதனோடு பணியாற்றிய பாபி, ஜாஸ்பர், லாசி ஆகிய மூன்றும் அப்பணியிலேயே மாண்டன. போரில் உதவிய விலங்குகளுக்கு இங்கிலாந்தில் 1943 முதல் வழங்கப்படும் டிக்கின் பதக்கம் 2007-இல் லக்கிக்கு வழங்கப்பட்டது.

ஒரு நாயின் துணிவைப் போற்றுவதில் தடையில்லை. ஆயினும் இருவகை நடைகளையும் சேர்த்து நோக்குதல் வரலாற்று மாணவர் கடமை. தன் வெட்டுக்காட்டுக்குச் செல்லத் தொழிலாளி வாயிற்காவலைக் கடக்க வேண்டியிருந்த அதே ஆண்டுகளில், அதே காட்டில், மனிதனைத் தேடும் நாய் தடையின்றி அழைத்துச் செல்லப்பட்டது. வழித்துணையாக இருந்த விலங்கு வழியைக் காக்கும் படையின் கருவியாயிற்று.

ஊசியும் தகடும்

1952-இல் கோலாலம்பூரில் வெறிநாய்க்கடி நோய் பரவியது. நாய்களுக்குக் கட்டாயமாகத் தடுப்பூசி போடுதலும், திரியும் நாய்களை ஒழித்தலும் பெரும் அளவில் மேற்கொள்ளப்பட்டன. பின்னர், அந்நோய் வடக்கிலிருந்து மீண்டும் நுழையாதபடி தாய்லாந்து எல்லையை ஒட்டிப் பெர்லிஸ், கெடா, பேராக், கிளந்தான் மாநிலங்கள் வழியே நோய்த்தடுப்புப் பட்டை ஒன்று அமைக்கப்பட்டது. அப்பட்டைக்குள் வாழும் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதே அதன் நோக்கம். மாநிலத்தின் வடகோடியில் உள்ள பெங்காலான் ஹுலு போன்ற ஊர்களின் நாய்கள் இவ்வாறு ஒரு நாட்டின் எல்லைக் காவலில் பங்கு பெற்றன.

2012-இல் அந்நோய் அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட மலேசியாவில், 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது மீண்டும் தோன்றியது. 2017-இல் சரவாக்கிலும் பரவி உயிர்களைக் கொண்டது. எனவே தடுப்பூசியும் உரிமமும் வெறும் அதிகாரச் சடங்குகள் அல்ல. உள்ளாட்சி மன்றம் வழங்கும் உரிமத் தகடு கழுத்துப் பட்டையில் தொங்குகின்ற நாய், தனக்குரிய ஒரு பொறுப்பாளர் உண்டு என்று அறிவிக்கிறது. தகடில்லாத நாய் யாருடையதும் அன்று என்று கொள்ளப்படுகிறது. லயனில் பலருக்கு உரியதாக வாழ்ந்த நாய்க்கு இந்தச் சட்டத்தில் இடம் கிடைப்பது அரிது. பலருடையது என்பதும் ஒருவருடையதும் அன்று என்பதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றாகி விட்டன.

பல சமயத்தார் கூடி வாழும் நாட்டில் நாயை வெளியே அழைத்துச் செல்வோர் அறிய வேண்டுவது இன்னொன்றும் உண்டு. மலேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மரபில் நாயின் உமிழ்நீரும் ஈரமும் கடும் தூய்மைக்கேடாகக் கருதப்படும். தீண்டல் நேர்ந்தால் ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவுதல் வேண்டும். எனினும் வேட்டைக்குப் பழக்கிய நாயைத் திருக்குர்ஆன் ஏற்கிறது. குகைத் தோழர் வரலாற்றில் அவர்களுடைய நாயும் வாயிலில் காவல் கிடக்கிறது. ஆகவே இது வெறுப்பு அன்று, தூய்மை பற்றிய ஒழுங்கு. பொதுவழியில் நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்வது இவ்விடத்தில் ஆண்டான் அடிமை அடையாளமாக இல்லாமல், அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதையாகவே அமைகிறது.

லயனிலிருந்து அடுக்குமாடிக்கு

அவசரகாலம் முடியுமுன்பே ஐரோப்பியர் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. வேலையும் வீடும் ஒருங்கே இழக்கும் நிலைமை தொழிலாளருக்கு வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இந்நிலைமைக்கு விடையாகவே. தொழிலாளரே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினர். ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் இரப்பர் குறைந்து செம்பனை பெருகியது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் லயன்களை விட்டு நகர்ப்புறத் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர்.

இந்த இடப்பெயர்ச்சியின் கணக்கில் நாயைச் சேர்த்தவர் இலர். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான 2015-ஆம் ஆண்டின் விதிகள், மற்றக் குடியிருப்பாளருக்குத் தொல்லையோ தீங்கோ தரக்கூடிய விலங்கை வீட்டிலும் பொது இடத்திலும் வளர்த்தலாகாது என்கின்றன. கதவைத் திறந்தால் காடு என்றிருந்த குடும்பம், கதவைத் திறந்தால் மின்தூக்கி என்ற நிலைக்கு வந்தது. அங்கே ஒரு நாயை உடன் கொள்வது எளிதன்று. பெயர்ந்து போன குடும்பத்தின் பாத்திரமும் படமும் லாரியில் ஏறின. ஒரு லயனுக்கே பொதுவாயிருந்த நாயை யார் தம்முடையது என்று சொல்லி ஏற்றுவது? தருமன் முன் நின்ற தேரின் வழக்கு இங்கே வேறு உருவில் வந்தது. வீடு கிடைக்க வேண்டுமாயின் நாயை விடல் வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டவர்களைக் குறை கூறுதல் அறமாகாது. அவர்களுக்குத் தேரை மறுக்கும் உரிமை இருக்கவில்லை.

ஏற்றிச் செல்லும் காலம்

இன்று ஈப்போவின் தெருக்களிலும் பேராக்கின் சிற்றூர்ச் சடக்குகளிலும் காணும் காட்சிகள் சில பார்ப்போர்க்கு வியப்பளிக்கும். கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிளில் ஓட்டுநருக்கு முன்னே நாய் அமர்ந்து, முன்கால்களைக் கைப்பிடிக்கருகே ஊன்றி, காற்றை மோந்து செல்லும். சைக்கிளின் முன்கூடையில் குட்டி நாய் செல்லும். காரின் சன்னலில் தலை நீட்டிச் செல்லும். குழந்தை வண்டி போன்ற தள்ளுவண்டியிலும், முதுகுப் பையிலும் நாயைக் கொண்டு செல்வோர் உளர். வேடிக்கை எனத் தோன்றும் இவற்றுக்கெல்லாம் காரணம் உண்டு. உடன் ஓடிவரப் பாதை இல்லாத இடத்தில் நாயை உடன் கொள்ள விரும்புவோர்க்கு எஞ்சியிருக்கும் வழி அதனை ஏற்றிக் கொள்ளுவதே.

ஏற்றிச் செல்லுதல் பிற நாடுகளிலும் விதிகளுக்கு உட்பட்டது. இந்திய இரயில்களில் கட்டணம் செலுத்தி நாயைக் கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டியில் அனுப்பலாம். குளிரூட்டிய முதல் வகுப்பில் தனியறையை முழுதும் பதிவு செய்தவர் மட்டுமே தம்மோடு வைத்துக் கொள்ளலாம். பணம் உள்ளவருக்கு நாய் உடன் வரும், மற்றவருக்கு அது சரக்காகச் செல்லும் என்பது இவ்விதியின் உட்பொருள்.

ஏற்றிச் செல்லப்பட்ட நாய்களுள் வரலாறு மறவாதது ஒன்று உண்டு. 1957 நவம்பர் 3 அன்று சோவியத் நாட்டின் இரண்டாம் ஸ்புட்னிக்கில் பூமியைச் சுற்றிய லைக்கா மாஸ்கோவின் தெருவில் திரிந்த நாய். எவரும் உரிமை கொண்டாடாத விலங்கு மனிதனுக்கு முன் விண்வெளிக்குச் சென்றது. அதனைத் திரும்பக் கொண்டுவர வழி வகுக்கப்படவில்லை. ஊர்தி எவ்வளவு உயர்ந்ததாயினும் ஏற்றப்படுவது நாயின் நலத்துக்கா என்ற வினா எஞ்சுகிறது.

மலேசியாவின் விலங்கு நலச் சட்டம் 2015-இல் இயற்றப்பட்டு 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. விலங்கைக் கொடுமைப்படுத்துவோர்க்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. ஆகவே மோட்டார் சைக்கிளில் நாயை ஏற்றுவோர் அதன் பாதுகாப்பையும், வெயிலில் காரினுள் பூட்டி வைப்போர் அதன் உயிரையும் எண்ணுதல் வேண்டும்.

வழியின் வரலாறு

இதுகாறும் கண்டவற்றால் ஓர் உண்மை விளங்கும். நாய் உடன்வந்த காலத்தில் மக்கள் நாயை மிகுதியாக நேசித்தனர் என்றோ, ஏற்றிச் செல்லும் காலத்தில் குறைவாக நேசிக்கின்றனர் என்றோ சொல்வதற்கில்லை. தோட்டத்து நாய்க்குச் சோறு கிடைத்தது. மருத்துவம் பெரும்பாலும் கிடைக்கவில்லை. நகரத்து நாய்க்கு ஊசியும் தகடும் கிடைக்கின்றன. ஓடுவதற்கு வழி கிடைப்பதில்லை. மாறியது அன்பு அன்று, வழி. பூர்வகுடியினரின் ஏணி, தொழிலாளியின் வெட்டுக்காட்டுப் பாதை, அவசரகாலத்தின் முள்வேலி வாயில், அடுக்குமாடியின் மின்தூக்கி ஆகிய நான்கையும் வரிசையாக நிறுத்தினால் மனிதனுடைய வழி எவ்வாறு சுருங்கிற்று என்பது தெரியும். நாயின் நடை அதன் நிழல்.

தோட்டங்களின் வரலாற்றைத் தொகுப்போர் கூலிக் கணக்கையும், கோயில் கல்வெட்டையும், பள்ளிப் பதிவேட்டையும் தேடுகின்றனர். அவை வேண்டியனவே. அவற்றோடு, முதியோரிடம் இன்னும் ஒரு வினாவையும் தமிழாசிரியரும் மாணவரும் கேட்டு எழுதி வைத்தல் நன்று: விடியுமுன் வெட்டுக்காட்டுக்குப் போகையில் உங்களோடு உடன்வந்த நாய் எது? பெரட்டுப் பதிவேட்டில் அதற்குப் பெயரில்லை. நினைவில் உள்ள பெயரும் அந்தத் தலைமுறையோடு போய்விடும்.